ஏழு நாள் கப்பல், ஏழு வருஷப் பயணம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு கெடாத அளவுக்குத் திருத்தியிருக்கிறோம்.)

காரைக்குடியிலிருந்து பேசறேன். போன தடவை ஆத்தங்குடிக் கல்லைப் பத்திப் பேசினோம். அடுத்து பர்மா தேக்கு பத்திப் பேசுங்கன்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. தேக்கு வரும், அவசரமில்லை. அந்தத் தேக்கு வந்த கடலைப் பத்தி முதல்ல பேசிடலாம்னு தோணுது. அதுக்குக் காரணம் ஒரு போட்டோ.

என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் இப்போது கோலாலம்பூரில் இருக்கிறான். கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன் போனை நீட்டினான். குடும்பத்தோடு லங்காவியில் ஒரு பாய்மரப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். இதற்கு சார்ட்டர் என்று பெயர். படகு மொத்தமும் நம்ம பொறுப்பு. ஓட்டத் தெரிந்தால் நாமே ஓட்டலாம், இல்லாவிட்டால் ஒரு கேப்டனையும் சேர்த்துத் தருவார்கள். அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியது. பகலில் ஒரு தீவு, ராத்திரிக்கு காற்று அடிக்காத ஒரு குடாவில் நங்கூரம். லங்காவிக் கூட்டத்தில் மட்டும் 99 தீவு என்பார்கள். அங்கிருந்து தெற்கே இறங்கி பினாங்கில் பயணத்தை முடித்திருக்கிறான்.

கடைசி நாள் போட்டோ ஒன்றில் அடர்ந்த காடாக ஒரு தீவு. "இது எந்த ஊர்டா மாப்ள?" என்றேன். "பினாங்குக்கு ஒட்டின தீவு. புலாவ் ஜெரஜாக். முன்னாடி ஜெயில் இருந்துச்சாம், அப்புறம் ரிசார்ட் கட்டினாங்களாம்" என்றான்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். எங்க ஐயா, அதாவது அப்பாவைப் பெத்தவர், 1939-ல் அந்தத் தீவில் சில நாள் அடைபட்டுக் கிடந்தவர். அவர் வாயில் அது "செரசா". சின்ன வயசில் அது ஏதோ நோயின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடல் என்றாலே நாம எல்லாரும் ராஜேந்திர சோழனிடம் ஓடிவிடுவோம். 1025, கடாரம், மாநக்கவாரம். கடாரம் இன்றைய கெடா, மாநக்கவாரம் நிக்கோபார். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் படையெடுத்துப் போனவர்களைவிட வேலைக்குப் போனவர்கள் பல மடங்கு அதிகம். அவர்கள் போன வழியைப் பற்றி நம்மகிட்ட இருக்கும் பேச்சு ரொம்பக் குறைவு. அதனால் சோழனை இன்னிக்கு விட்டுடுவோம்.

நகரத்தார் மலாயாப் பக்கம் போகத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில். அதற்கு முன்பே இலங்கையிலும் கல்கத்தாவிலும் தொழில் உண்டு. இங்கே வறண்ட பூமி, வானம் பார்த்த விவசாயம். கடலுக்கு அந்தப் பக்கம் ஈயச் சுரங்கம், பிறகு ரப்பர். வெள்ளைக்காரன் பேங்க் சின்ன ஆளுக்குக் கடன் கொடுக்காது. அந்த இடைவெளியில்தான் செட்டியார் கடை உட்கார்ந்தது. பர்மாவில் இது இன்னும் பெரிசு. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு அந்த நாட்டு அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. காட்டைத் திருத்தி வயலாக்கக் குடியானவனுக்குப் பணம் தேவைப்பட்டது. 1929-30-ல் பர்மா அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு, அந்த நாட்டில் சுமார் 1,650 செட்டியார் கடைகள், மொத்த முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அன்றைய 75 கோடி!

ஆனால் கடை என்றால் முதலாளி போய் உட்காருவது இல்லை. பெரும்பாலும் முதலாளி ஊரில் இருப்பார். அங்கே போவது ஏஜென்டு, அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மூன்று வருஷம் ஒரு கணக்கு. முடிந்ததும் ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அடுத்த கணக்குக்குப் போக வேண்டும். பெண்களை அழைத்துப் போகும் வழக்கம் கிடையாது. தொழிலுக்கு வெளியூர் போவதை இங்கே "கொண்டுவிக்கப் போறது" என்பார்கள். "அவுக கொண்டுவிக்கப் போயிருக்காக" என்றால் வீட்டில் ஆண் இல்லை என்று அர்த்தம்.

இந்தக் கூட்டத்தோடு நகரத்தார் அல்லாத ஆட்களும் போனார்கள். சமையலுக்கு, காவலுக்கு, எடுபிடிக்கு. வரலாற்றுப் புத்தகங்களில் இவர்கள் ஒரு வரி கூட வருவதில்லை. எங்க ஐயா அந்த வகை. பினாங்கில் ஒரு கிட்டங்கியில் சமையல் வேலை. கிட்டங்கி என்பது நீளமான ஒரே கூடம். ஒரே கூரைக்குக் கீழே பல கடை. ஒரு கடைக்கு ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி, ஒரு பாய். பகலில் அங்கேயே கணக்கு, ராத்திரி அங்கேயே தூக்கம், பின்கட்டில் பொதுச் சமையல்.

1939 தை மாதம் ஐயா கிளம்பினார். கல்யாணம் ஆகி எட்டு மாசம்தான். பிள்ளையார்பட்டியில் தேங்காய் உடைத்துவிட்டு, ரயிலில் நாகப்பட்டினம். ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜமக்காளம், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி. அதோடு அப்பத்தா செய்து கொடுத்த மாவுருண்டை, சீப்புச்சீடை. செட்டிநாட்டுப் பலகாரம் ஏன் மாசக்கணக்கில் கெடாது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். அது விருந்தாளிக்காக மட்டும் செய்ததில்லை, வழிக்காகவும் செய்தது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது, ஆழம் கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்கிற பெரிய படகில் ஆளை ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலடியில் விடுவார்கள். அலையில் சலங்கு மேலே ஏறும் நேரம் பார்த்துக் கப்பல் ஏணியைப் பிடிக்கணும். "கடலைப் பார்த்து பயப்படலை அப்பு, அந்த ஏணியைப் பார்த்துத்தான் பயந்தேன்" என்பார் ஐயா.

அவர் ஏறியது ரஜூலா. கேள்விப்பட்டிருப்பீங்க. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். 5,000-க்கு மேல் டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. இந்த எண்ணை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நம்ம பக்கத்தில் ஒரு நடுத்தர கிராமத்து ஜனம் மொத்தமும் ஒரே கப்பலில்! சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் வழியாக சிங்கப்பூர். மொத்தம் ஒரு வாரம் போல ஆகும். போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம்.

டெக் டிக்கெட் என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. இரும்புத் தளத்தில் பாயை விரித்தால் அந்த இடம் உங்களுடையது. வெயிலுக்கு மேலே கித்தான் கட்டியிருப்பார்கள், மழை வந்தால் அது போதாது. முதல் ரெண்டு நாள் ஐயா எழுந்திருக்கவே இல்லை. நார்த்தங்காயை வாயில் ஒதுக்கிக்கொண்டு படுத்தே கிடந்தாராம். சமையல்காரனுக்குச் சோத்து வாசனையே ஆகாமல் போன ரெண்டு நாள் என்று சிரிப்பார். சுற்றிலும் நாகூர் மரைக்காயர் கடை ஆட்கள், வெங்காய வியாபாரிகள், சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பும் குடும்பங்கள். அதற்கு முந்தின வருஷம், 1938-ல், இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தியிருந்தது. இருந்தும் சொந்தக் காசில் போகிறவர்கள் கூட்டம் குறையவில்லை. பக்கத்துப் பாய்க்காரர் தேவகோட்டைப் பக்கத்து அடுத்தாள். அவருக்கு இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுக்கே முதலாளி பணம் கொடுத்திருந்தாராம். மிச்சம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு டெக்கில் வந்திருக்கிறார்.

தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லாத நாட்களுக்குப் பிறகு ஒரு விடியலில் வலது பக்கம் பச்சைக் கோடு தெரிந்தது. சுமத்ராவின் வடமுனையும் அதை ஒட்டிய தீவுகளும். அந்த இடத்தைத் தாண்டினால் மலாக்கா நீரிணை, கடல் குளம் மாதிரி அடங்கிவிடும். ஜனங்கள் எழுந்து குளித்தார்கள், யாரோ பாடினார்கள். ஐயா தன் வாழ்க்கையில் சும்மா உட்கார்ந்திருந்தது அந்த ஒரு நாள் ரெண்டு நாள்தான் என்பார். அடுப்பு இல்லை, முதலாளி இல்லை, தீவு தீவாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். என் நண்பன் ஒரு வாரத்துக்குப் பணம் கட்டி வாங்கியது அதைத்தான், இல்லையா? அவனை நான் குறை சொல்லவில்லை. அவன் தாத்தாவும் அதே டெக்கில் போனவர்தான்.

பினாங்கு மலை தெரிந்ததும் எல்லாரும் தகரப் பெட்டியைப் பூட்டினார்கள். ஆனால் இறக்கியது பினாங்கில் இல்லை. டெக் ஆட்களை ஜெரஜாக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். அம்மை, காலரா வந்துவிடக் கூடாதென்று தனிமை முகாம். மேல் வகுப்புக்காரர்கள் நேராக ஊருக்குள் போனார்கள். நோய்க்கிருமி டிக்கெட் பார்த்துத்தான் ஏறும் போல. கட்டியிருந்த துணியையும் வாங்கி ஆவியில் வேகவைத்து, எல்லாரையும் மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, ஊசி போட்டு, நாள் கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். ஆவியில் போன ஜமக்காளம் சாயம் போய் வெளிறி வந்தது. ஐயாவுக்குக் கடைசி வரை தீராத வருத்தம் அந்த ஜமக்காளம். கல்யாணச் சீர் அது.

சிங்கப்பூருக்குப் போனவர்களுக்கும் இதே போல செயின்ட் ஜான்ஸ் தீவு. இன்றைக்கு அங்கேயும் படகில் பிக்னிக் போகிறார்கள். ஜெரஜாக்கில் 19-ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளை வைத்திருந்தார்கள், பிறகு இந்தத் தனிமை முகாம், 1969-லிருந்து 1993 வரை சிறை, அப்புறம் ரிசார்ட். ஒரு தீவை என்னென்ன செய்யலாம் பாருங்க.

ஐயாவின் கணக்கு மூன்று வருஷம். 1942 தையில் முடிய வேண்டும். 1941 டிசம்பர் 11-ஆம் தேதி காலை, ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுன் மேல் குண்டு போட்டன. விமானம் பார்க்க ஜனங்கள் தெருவில் இறங்கி நின்றிருந்தார்கள், அதனால்தான் அவ்வளவு சாவு. ஐயா சந்தைக்குப் போயிருந்தார். கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடியே ஓடியதாகச் சொல்வார். அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி அவர் பேசியதில்லை.

அடுத்த சில நாளில் ஆங்கிலேயர்கள் தங்கள் ஆட்களை மட்டும் ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேற்றிக்கொண்டு தீவைக் காலி செய்துவிட்டார்கள். ஊரைக் கைவிட்டுப் போனது மறுநாள்தான் ஜனங்களுக்குத் தெரிந்தது. கோட்டையில் பறந்த யூனியன் ஜாக் கொடியை இறக்கியது ஒரு தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணக் குடும்பத்தைச் சேர்ந்த மாணிக்கசோதி சரவணமுத்து, 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியர். ஊரைக் காக்க ஒரு குழு அமைத்து, ஆங்கிலேயர் போய்விட்டார்கள், இனி குண்டு போடாதீர்கள் என்று வானொலியில் அறிவிக்கச் செய்தவரும் அவரே.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. கப்பலும் தபாலும் நின்றன. ஏழு நாள் கடல் அப்படியே ஒரு சுவராக மாறிவிட்டது.

செட்டிநாட்டில் அந்த மூன்றரை வருஷம் எப்படிப் போனது என்று நான் பார்த்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. வணிகத்தில் எத்தனை கோடி போனது என்று எழுதியிருக்கிறார்கள். தபால்காரன் வரும் நேரத்துக்குப் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பற்றி எழுதவில்லை. ஆயிரம் சன்னல் வீட்டிலும் அதேதான், எங்க அப்பத்தா இருந்த ஓட்டு வீட்டிலும் அதேதான். பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் சேர்ந்தார்கள். அவர்களிடம் போய் விசாரிப்பாராம் அப்பத்தா. பர்மாவுக்கும் பினாங்குக்கும் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாது. அக்கரை என்றால் அக்கரைதான். 1944-ல் சொந்தக்காரர்கள் காரியம் பண்ணிவிடலாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். அப்பத்தா சொன்ன பதிலை எங்கள் வீட்டில் இன்னமும் சொல்வோம்: "கப்பல் நின்னுருக்கு. ஆளு நின்னுருச்சுன்னு யாரு சொன்னா?"

அந்தப் பக்கம் ஐயா மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். அரிசி கிடையாது. கிட்டங்கியில் பாதிப் பேர் இல்லை. சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று வெளியே தலைகாட்டப் பயம். கடன் வாங்கியவர்கள் மட்டும் ஆர்வமாக வந்து கடனைத் தீர்த்தார்கள், ஜப்பான் அச்சடித்த வாழைமர நோட்டில். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? 1945-ல் ஜப்பான் தோற்றதும் அந்த நோட்டு வெறும் காகிதம். அந்தக் காலத்தில் தீர்த்த கடன் தீர்ந்ததா இல்லையா என்பதற்கு 1948-ல் மலாயாவில் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

இந்த உலகத்தை உள்ளிருந்து எழுதியவர் நம்ம சிங்கம்புணரிக்காரர், ப. சிங்காரம். 1938-ல் சுமத்ராவின் மேடானுக்கு வேலைக்குப் போய், போர் முழுக்க அங்கே இருந்து, 1946-ல் திரும்பியவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' இரண்டையும் படிக்காதவர்கள் படித்துவிடுங்கள். ஐயாவிடம் இரண்டாவதைக் கொடுத்தேன். நாலு பக்கம் படித்துவிட்டு, "இவன் அங்கன இருந்தவந்தான்" என்று மூடி வைத்துவிட்டார்.

ஐயாவும் 1946-ல்தான் வந்தார். அதே நாகப்பட்டினம், அதே மாதிரி சலங்கு. 19 வயசில் போனவர் 26 வயசில் இறங்கினார். சம்பள பாக்கி என்று கொடுத்ததில் பாதி, அதற்கு முன்பே வாழைமர நோட்டாகப் போயிருந்தது. ஒரு கட்டு நோட்டைத் தகரப் பெட்டியின் அடியில் போட்டுக் கொண்டுவந்தார். எதுக்கு என்று கேட்டால், "சம்பாரிச்சதைக் காட்டணும்ல" என்பார். அது இன்னும் எங்களிடம் இருக்கிறது. பச்சையாக வாழைத்தாரோடு பத்து டாலர் நோட்டு, அச்சு தெளிவாக இருக்கும்.

ரஜூலா போரிலும் படை ஏற்றித் தப்பித்து, மறுபடி இதே வழியில் ஓடியது. 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது, மறு வருஷமே உடைத்துவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதோடு தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையே பயணிகள் கப்பல் போக்குவரத்து முடிந்தது. இப்போது திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மட்டும் சில மணி நேரக் கப்பல் மறுபடி ஓடுகிறது. 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலின் பெயர் 'சிவகங்கை'. நம்ம ஜில்லாப் பெயர் என்று அப்பா ஒரு டிக்கெட் எடுக்கணும் என்கிறார்.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு வீட்டில் பழைய கடைக் கணக்குப் பேரேடு பார்க்கக் கிடைத்தது. கப்பல் சார்ஜ், சலங்குக் கூலி, வெற்றிலை பாக்கு என்று காசு விடாமல் எழுதியிருக்கிறார்கள். அடுத்த வரியே பினாங்கில் இறங்கிய தேதி. நடுவில் இருக்கும் நாட்களுக்கு ஒரு எழுத்து இல்லை. செலவு இல்லாத நாள், எழுத என்ன இருக்கு? உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்த நாட்களைப் பத்திச் சொல்லியிருந்தா, குரல் பதிவாகவே எங்களுக்கு அனுப்புங்க. எழுத்தாக வேண்டாம், அவங்க பேசினது அப்படியே வேணும்.

நண்பனிடம் ஜெரஜாக் கதையைச் சொன்னேன். அடுத்த தடவை அந்தத் தீவில் இறங்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஐயாவிடம் ஒரு முறை, கப்பலில் மறுபடி போகணும்னு ஆசை இருக்கா என்று கேட்டிருக்கிறேன். 1996-ல் அவர் இறந்தார், அதற்குக் கொஞ்ச மாசம் முன்னால். அப்பத்தா அடுப்படியிலிருந்து, "போகட்டும், நானும் வாரேன், இந்தத் தடவை ரெண்டு டிக்கெட்டு எடுக்கச் சொல்லு" என்றார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அத்தியாயத்தில் பர்மா தேக்கு. மறக்கலை. வணக்கம்.